தங்கச்சி வீட்டு மாடத்துக்கு எந்தக் கட்டடம்?

சிங்கப்பூர் தெங்காவில் என் தங்கச்சிக்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு கிடைத்து, ரெனவேஷன் முடிந்து, பால் காய்ச்ச நாள் பார்த்துக்கொண்டிருந்த நேரம். டிவி அலமாரிக்குப் பக்கத்தில் தச்சர் ஒரு மாடம் அடித்து, உள்ளே சின்ன விளக்கும் போட்டுக் கொடுத்திருந்தார். "அண்ணே, இதுல பூச்சாடி வைக்கச் சொல்றாங்க எல்லாரும். எனக்கு வேணாம். நீங்க ஏதாச்சும் ஒரு கட்டடத்த லெகோவுல கட்டிக் குடுங்க" என்றாள். எந்தக் கட்டடம் என்று கேட்டேன். "அதான் உங்க வேலை" என்று சொல்லிவிட்டுத் திரைச்சீலைக்காரரைப் பார்க்கப் போய்விட்டாள்.

எதைக் கட்டுவது என்று முடிவெடுக்கவே எனக்கு மூன்று வாரம் ஆனது. இதே யோசனையில் இருக்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் அந்த மூன்று வாரத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் டேப்பை எடுத்து மாடத்தை அளந்தேன். அகலம் 45 சென்டிமீட்டர், உயரம் 38, ஆழம் 28. லெகோவில் துண்டின் மேல் புடைத்து நிற்கிற ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடு 8 மில்லிமீட்டர். பிரிக் என்கிற செங்கல் வடிவத் துண்டின் உயரம் 9.6. பிளேட் என்கிற மெல்லிய துண்டு அதில் மூன்றில் ஒரு பங்கு, 3.2. அப்படியென்றால் மாடத்துக்குள் 56 குமிழ் அகலம், 35 குமிழ் ஆழம், 39 பிரிக் உயரம். இதைத் தாளில் எழுதிய அந்த நிமிடமே, இத்தனை வருஷமாகக் கடைக் கண்ணாடி வழியே நான் ஏக்கமாகப் பார்த்த பெட்டிகளில் பாதி கழன்றுபோனது. 2022-ல் வந்த ஐஃபெல் கோபுரம் 10,001 துண்டு, கட்டி முடித்தால் 149 சென்டிமீட்டர். நாலாவது படிக்கிற என் மகன் உயரத்துக்கு வரும். 2020-ன் கொலோசியம் 9,036 துண்டு. 5,923 துண்டுகளோடு 2017-ல் திரும்ப வந்த பெரிய தாஜ்மகால் ஒரு பக்கம் மட்டுமே 51 சென்டிமீட்டர். இவற்றுக்கெல்லாம் மாடம் போதாது, தனி மேசையே வேண்டும். நாலறை வீட்டில் தனி மேசை போட்டால் அதன்மேல் முதலில் ஏறுவது துவைத்த துணிதான்.

அந்தப் பெரிய தாஜ்மகாலைப் பற்றி ஒரு இடைச்செருகல். அது முதலில் வந்தது 2008-ல். விற்பனையிலிருந்து எடுக்கப்பட்ட பிறகு பழைய பெட்டியின் விலை ஆயிரக்கணக்கில் ஏறியது. பிரிக்காமல் வைத்திருந்தவர்கள் தங்கம் வாங்கிய மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்கள். 2017-ல் அதே மாடல் கிட்டத்தட்ட அப்படியே மறுபடி கடைக்கு வந்ததும் விலை இறங்கிவிட்டது. கட்டுவதற்காக வாங்குங்கள். முதலீடு செய்கிற ஆசை இருந்தால் சிராங்கூன் ரோட்டில் நகைக்கடைகள் இருக்கின்றன.

மாடத்துக்குள் அடங்கும் என்று தேறியவை ஐந்து: சிங்கப்பூர் ஸ்கைலைன் பெட்டி, சின்ன தாஜ்மகால் பெட்டி, ஜப்பானிய நானோபிளாக் என்கிற குட்டித் துண்டுகள், நிஜமான செங்கல்லையே குட்டியாக்கிக் கலவை பூசிக் கட்டுகிற வகை, கடைசியாகப் பெட்டியே இல்லாமல் நாமே வரைந்து துண்டு வாங்கிக் கட்டுவது.

லெகோவின் ஆர்க்கிடெக்சர் வரிசை 2008-ல் சிகாகோ கட்டடங்களோடு தொடங்கியது. அதில் நம் ஊருக்கு முதலில் வந்தது 602 துண்டு மரினா பே சேண்ட்ஸ். பிறகு 2022-ல் 827 துண்டில் சிங்கப்பூர் ஸ்கைலைன் வந்தது. மரினா பே சேண்ட்ஸின் மூன்று கோபுரமும் அதன் தலைமேல் கப்பலும், ஃபுல்லர்ட்டன் ஹோட்டல், லாவ் பா சாட் உணவங்காடி, போட் கீ கடைவீடுகள், கரையோரப் பூந்தோட்டத்து சூப்பர் மரங்கள் எல்லாம் ஒரே பலகையில் வரிசையாக நிற்கும். ஒரு வாரக்கடைசியில் முடித்துவிடலாம். கட்டும்போது அலுப்பே தட்டாது, ஏனென்றால் பத்து நிமிடத்துக்கு ஒரு கட்டடம் எழுந்து நிற்கும்.

ஆனால் அதில் ஒரு கண்கட்டு இருக்கிறது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் அளவு வேறு. மரினா பே சேண்ட்ஸின் உயரம் கிட்டத்தட்ட 200 மீட்டர். மேலே இருக்கும் ஸ்கைபார்க் 340 மீட்டர் நீளம். 330 மீட்டர் ஐஃபெல் கோபுரத்தைப் படுக்க வைத்தாலும் இன்னும் 10 மீட்டர் மிச்சம் இருக்கும். அதே கணக்கில் லாவ் பா சாட்டை வைத்தால் அதன் கூரை ஒரு பிரிக் உயரத்துக்குக்கூட வராது. அதனால் ஒன்றைச் சுருக்கி இன்னொன்றைப் பெருக்கி வைத்திருக்கிறார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நினைவுப் பரிசுக்கு, வெளிநாட்டு நண்பருக்கு, ஊருக்குத் திரும்பிப் போகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான பெட்டி கிடையாது. தங்கச்சி மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டாள்: "ராஃபிள்ஸ் பிளேஸ்லதான் ஆபீஸ். தினம் ஜன்னல்ல பாக்குறத வீட்டுக்கு வந்தும் பாக்கணுமா?"

என் மனம் அதற்குள் தாஜ்மகாலுக்குப் போயிருந்தது. 2021-ல் வந்த சின்ன பெட்டி, 2,022 துண்டு, உயரம் சுமார் 20 சென்டிமீட்டர், நீள அகலம் 23. மாடத்தில் உட்கார்ந்தால் நாலு பக்கமும் காற்றாட இடம் இருக்கும். துண்டுக்கு என்ன விலை விழுகிறது என்று பார்த்தாலும் இதுதான் மலிவு. அமெரிக்காவில் வெளியானபோது 119.99 டாலர், துண்டுக்கு 6 அமெரிக்கக் காசுக்குச் சற்றுக் கீழே. சிங்கப்பூர் ஸ்கைலைன் 59.99 டாலர், துண்டுக்கு 7 காசுக்கு மேல். வடிவமும் பிரிக்குக்கு ஒத்துவரும்: சமச்சீர், நாலு பக்கமும் ஒன்று போல, வளைவு என்று பார்த்தால் பெரும்பாலும் குவிமாடங்கள்தாம். ஒரு பக்கம் கட்டப் பழகிவிட்டால் மற்ற மூன்று பக்கமும் கை தானாகப் போகும். அலுப்பாகவும் இருக்கும், மறுக்கவில்லை. ஒரே ஜன்னலை எட்டாவது தடவை கட்டும்போது ஷாஜகானின் கொத்தனார்கள் மேல் எனக்குத் தனி மரியாதை வந்துவிடும் என்று தோன்றியது.

இரண்டு சிக்கல். முதலாவது வெயில். தங்கச்சி வீட்டுக் கூடத்துக்கு மேற்கு வெயில். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் வெள்ளைத் துண்டு நேரடி வெயில் பட்டால் நாளடைவில் பழுப்பேறும். தாஜ்மகாலில் வெள்ளையை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? மாடம் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் இருந்தது. சாயங்காலம் நாலரைக்கு வெயில் நேராக அதற்குள் போய் நிற்பதை நானே பார்த்தேன்.

இரண்டாவது சிக்கல் அம்மா. அந்த மாடலில் கூடம், நினைவறை எல்லாம் உண்டு. உள்ளே மும்தாஜுக்கும் ஷாஜகானுக்கும் இரண்டு குட்டிச் சமாதி வேறு. இதைப் பெருமையாக அம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "ஏன்டா, புது வீட்டுக்குப் பால் காய்ச்சப் போறவளுக்கு யாராச்சும் சமாதியக் கொண்டுபோய்க் குடுப்பாங்களா?" அதோடு தாஜ்மகால் போயிற்று. நான் எழுதி வைத்திருந்த துண்டுக்கு ஆறு காசுக் கணக்கெல்லாம் அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்கவில்லை. யாருக்குக் கொடுக்கிறோம், எந்த நாளில் கொடுக்கிறோம் என்பது எந்தப் பெட்டியின் மேலும் அச்சடித்திருக்காது.

நானோபிளாக் ஜப்பானின் கவாடா நிறுவனத்துடையது, 2008-ல் வந்தது. அதன் மிகச் சின்னத் துண்டு 4 மில்லிமீட்டர் நீளம், 4 அகலம், 5 உயரம். லெகோவின் ஒற்றைக் குமிழ் பிரிக் ஒன்றின் இடத்தில் இதில் ஏழு எட்டை அடைத்துவிடலாம். அதனால் உள்ளங்கை அளவிலேயே ஜன்னலும் தூணும் தெரியும். வாடகை அறையில் இருப்பவர்களுக்கு, அலுவலக மேசைக்கு, மாசத்துக்கு ஒன்றாகச் சேர்க்கிறவர்களுக்கு நல்ல தேர்வு. எனக்கு வயது 46. நண்பர் ஒருவர் கொடுத்த ஜப்பானியக் கோட்டையை சாமணமும் வாசிப்புக் கண்ணாடியும் வைத்துக்கொண்டு கட்டியிருக்கிறேன். மூன்றாம் நாள் பாதி செட்டை என் மகன்தான் முடித்துக் கொடுத்தான். தவிர, 45 சென்டிமீட்டர் மாடத்தில் பத்து சென்டிமீட்டர் பொருளை வைத்தால் கல்யாண மண்டபத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிற விருந்தாளி மாதிரி இருக்கும்.

நிஜச் செங்கல் வகையை நான் கடைசி வரை ஆசையோடு வைத்திருந்தேன். சுட்ட மண்ணில் செய்த விரல்நுனி அளவுச் செங்கற்கள், கூடவே கலவைப் பொடி. தண்ணீர் விட்டுக் குழைத்து, குட்டிக் கரண்டியால் பூசி, வரி வரியாக அடுக்க வேண்டும். ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் செய்கிறார்கள். சில வகையில் கலவையை வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்துவிட்டுச் செங்கல்லைத் திரும்பப் பயன்படுத்தலாம்; சிலவற்றை ஒட்டினால் ஒட்டியதுதான். நம் ஊர்க் கடைவீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை. 1822-ல் ராஃபிள்ஸ் காலத்து நகரத் திட்டத்தோடு வந்த ஐந்தடி நடைபாதை, ஓட்டுக்கூரை, பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர், எல்லாமே செங்கல்லின் சங்கதிதான். பிளாஸ்டிக்கில் வராத ஒரு கனம் இதில் வரும். கையிலேயே சுண்ணாம்பு வாசனை மாதிரி ஒன்று ஒட்டிக்கொள்ளும். ஆனால் கோணல் விழுந்தால் பிடுங்கித் திருத்துவது வேதனை. நம் புழுக்கத்தில் பிரித்த கலவைப் பொட்டலம் நிற்காது. காற்றுப் புகாத டப்பாவில் போடாமல் விட்ட என் பொட்டலம் இரண்டே வாரத்தில் கட்டி தட்டிப்போனது. பரிசாகக் கொடுக்க நான் அந்த அளவுக்குக் கொத்தனார் இல்லை.

பெயர் தெரியாத மலிவு பிராண்டுகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். லெகோவின் அடிப்படைப் பிரிக்குக்கான காப்புரிமை 1958-ல் பதிவாகி எப்போதோ காலாவதியாகிவிட்டது. அதோடு பொருந்துகிற பிரிக்கை யார் செய்தாலும் குற்றமில்லை. சொந்தமாக வடிவமைத்து நன்றாகவே செய்கிறவர்களும் இருக்கிறார்கள். இன்னொருத்தர் செட்டை அட்டைப்படம் முதல் அப்படியே காப்பி அடிப்பது வேறு கதை. நான் ஒருமுறை இணையத்தில் பாதி விலைக்கு வாங்கிய பெட்டியில் ஒரே வெள்ளை மூன்று வெள்ளையாக இருந்தது. 214-வது படியில் ஒரு துண்டு இல்லை. கேட்டதற்கு, முழுப் பெட்டியையும் பிரித்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அரிசி மூட்டைக்குள் விழுந்த ஊசிக்குப் படம் எடுப்பது மாதிரி.

ஆக ஐந்தாவது வழி மட்டும் மிச்சம் இருந்தது. சமாதி வேண்டாம் என்று சொன்ன அதே அம்மாதான் வழியும் காட்டினார். "கோபுர தரிசனம் கோடி புண்ணியம்னு சொல்லுவாங்க. நம்ம மாரியம்மன் கோயில் கோபுரத்தக் கட்டேன்."

சவுத் பிரிட்ஜ் ரோட்டு ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827-ல் நாராயண பிள்ளை தொடங்கியது. இப்போது நிற்கிற கோபுரம் 1925-ல் எழுந்தது. பக்கத்துச் சந்துக்கு பகோடா (அடுக்குக் கோபுரம்) ஸ்ட்ரீட் என்று பெயர் வந்ததே இதைப் பார்த்துத்தான். 2023 பிப்ரவரி குடமுழுக்குக்குப் பிறகு வண்ணம் இன்னும் பளிச்சென்றுதான் இருக்கிறது. அதை எந்தக் கடையிலும் பெட்டியில் போட்டு விற்கவில்லை. நாமே கட்டினால்தான் உண்டு.

பிரிக்குக்கும் கோபுரத்துக்கும் இருக்கிற பொருத்தம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. முன்னதாக மெர்லயனைக் கட்டலாமா என்றும் யோசித்திருந்தேன். 1972-ல் லிம் நாங் செங் வடித்த 8.6 மீட்டர்ச் சிலை. முப்பது மடங்கு சுருக்கினால் மாடத்தில் அழகாக நிற்கும். ஆனால் பிடரி மயிரும் மீன் உடம்பும் முழுக்க வளைவு. சதுரத் துண்டில் வளைவு செய்யப் போனால் தூரத்தில் சிங்கமாகத் தெரியும், பக்கத்தில் போனால் படிக்கட்டாகத் தெரியும். கோபுரமோ பிறவியிலேயே நிலை நிலையாக ஏறிச் சுருங்குவது. தஞ்சைப் பெரிய கோயில் விமானமும் அப்படித்தான். 60 மீட்டருக்கு மேல் உயரம், இருநூறு மடங்கு சுருக்கினாலும் முப்பது சென்டிமீட்டருக்குக் குறையாது, படிப்படியான வடிவமும் கெடாது. பிரிக்கில் எதைக் கட்டலாம் என்று தேடுகிறவர்கள் பெயரையும் புகழையும் பார்க்குமுன் அந்தக் கட்டடத்தின் ஓரக்கோட்டைத் தாளில் வரைந்து பார்ப்பது நல்லது. கோடு படியாக ஏறினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பகோடா ஸ்ட்ரீட் முனையில் நின்று முன்னால், பக்கவாட்டில், கீழிருந்து என்று அறுபது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து ஸ்டூடியோ என்ற மென்பொருளில் வரைந்தேன். இது இலவசம். துண்டுகளை வாங்குகிற பிரிக்லிங்க் சந்தையோடு இணைந்தது. அந்தச் சந்தையை 2019-ல் லெகோவே வாங்கிவிட்டது. இதில் பெரிய வசதி, நாம் கேட்கிற நிறத்தில் அந்தத் துண்டு உலகத்தில் இருக்கிறதா என்று அதுவே காட்டிவிடும். கோபுரத்துக்கு இது உயிர்நாடி. நான் ஆசைப்பட்ட மயில்நீலத்தில் எனக்கு வேண்டிய வளைவுத் துண்டு இல்லவே இல்லை.

அடித்தளம் 32 குமிழ்ச் சதுரப் பலகை, 25.6 சென்டிமீட்டர். 28 ஆழத்துக்குள் அடக்கம். கோபுரத்தின் முகப்பு 22 குமிழ். நிலைக்கு இரண்டு குமிழ் குறைத்துக்கொண்டே போனால் சுலபம், ஆனால் சரிவு அவசரமாக முடிந்து கோபுரம் குட்டையாகத் தெரிந்தது. நிலைக்கு ஒரே குமிழ் குறைக்க வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் அரைக் குமிழ், 4 மில்லிமீட்டர், உள்ளே தள்ள வேண்டும். அதற்கென்று ஜம்பர் பிளேட் என்ற துண்டு இருக்கிறது: இரண்டு குமிழ் நீளம், ஆனால் மேலே நடுவில் ஒரே ஒரு குமிழ். கோபுரம் கட்டுகிறவனுக்கு இதுதான் தெய்வம்.

உச்சியில்தான் மாட்டிக்கொண்டேன். சாலை வடிவச் (படுத்த பீப்பாய் போன்ற) சிகரம் 14 குமிழ் நீளத்தில் வந்து முடிந்தது. கலசங்களை வைக்கப் போனால் நடுக்கலசம் உட்காரவில்லை. கலசம் ஒற்றைப்படை. 14 இரட்டைப்படை. நடு என்பது ஏழாவது குமிழுக்கும் எட்டாவதுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் விழுகிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, கையில் பொன்னிறக் கூம்பை வைத்துக்கொண்டு, ஆகமம் தெரிந்த ஸ்தபதி ஏன் இடத்தை மானம் என்கிற அளவுக் கணக்கால் அளந்துவிட்டுத்தான் கல்லைத் தொடுவார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அங்கேயும் ஜம்பர் பிளேட்தான் காப்பாற்றியது.

சிற்பங்களுக்கு வழியில்லை, அதை முதலிலேயே ஒத்துக்கொள்ள வேண்டும். இந்த அளவில் ஒரு சிலை ஒரு குமிழுக்குள் அடங்கிப்போகும். மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலத்தில் ஒற்றைக் குமிழ் வட்டத் துண்டுகளை நிலைக்கு நிலை இறைத்தேன். ஒரு எட்டுத் தள்ளி நின்றால் கூட்டமாகத் தெய்வங்கள். கிட்டே வந்தால் மிட்டாய்.

செலவைச் சொல்லாமல் ஒப்பிட முடியாது. மொத்தம் ஆயிரத்து நூறு சொச்சம் துண்டு, நாலு விற்பனையாளர்கள், தபாலோடு 190 வெள்ளிக்குப் பக்கம். துண்டுக்கு 17 சிங்கப்பூர் காசு, பெட்டியில் வாங்குவதைவிடச் சுமார் இரண்டு மடங்கு. நாலு பேரிடம் வாங்கினால் நாலு தபால்கூலி. எல்லாத் துண்டும் ஒரே ஆளிடம் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வரும் 400 வெள்ளிக்குக் குறைந்த பொருளுக்கும், விற்பவர் இங்கே பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்திருந்தால், 2023 ஜனவரியிலிருந்து வரி உண்டு. விழுக்காடு இப்போது 9. நேரம்: வரைய ஐந்து வாரம், துண்டுகள் வந்து சேர மூன்று வாரம், கட்டுவதற்கு இரண்டே சாயங்காலம். தாஜ்மகால் பெட்டியில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ்: வரைகிற வேலை இல்லை, முழு நேரமும் கட்டுவதுதான்.

எனவே இதுவரை ஒரு செட்கூடக் கட்டாதவர் நேராகக் கோபுரத்துக்குப் போக வேண்டாம். நான் அப்படிப் போயிருந்தால் மூன்றாவது நிலையிலேயே கைவிட்டிருப்பேன். முதலில் ஒரு பெட்டி, சிங்கப்பூர் ஸ்கைலைன் மாதிரி சின்னதாக. அதை வழிகாட்டிப் புத்தகத்தோடு ஒருமுறை கட்டிப் பிரித்து, புத்தகம் இல்லாமல் இன்னொருமுறை கட்டிப் பாருங்கள்; துண்டு எதற்கு எது என்று விரலுக்குத் தெரிந்துவிடும். பிள்ளைகளோடு சேர்ந்து கட்ட ஆசை, பள்ளி விடுமுறை மட்டும்தான் கையில் என்றால் தாஜ்மகால். சமாதிக் கதையை உங்கள் வீட்டு அம்மாவிடம் சொல்லாமல் இருந்தால் சரி. மேற்கு வெயில் வீடு என்றால் வெள்ளைக் கட்டடமே வேண்டாம்.

பால் காய்ச்சிய அன்று காலை ஆறு மணிக்கே கோபுரத்தை மாடத்தில் வைத்தேன். இரண்டு பக்கமும் பத்து சென்டிமீட்டர் இடம் விட்டுக் கச்சிதமாக உட்கார்ந்தது. பின்னால் விளக்கின் ஒயர் ஒன்று மட்டும் இடித்தது. பூசை முடிந்து நான் காப்பி குடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கையில், வாசல் நிலைக்கு மேலே இருந்த வெள்ளை பிளேட்டில் அம்மா சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமமும் வைத்திருந்தார். சந்தனம் துடைத்ததும் போய்விட்டது. குங்குமம் பிளேட்டின் ஓர இடுக்கில் இறங்கியிருந்தது, பல் துலக்கும் பிரஷ் போட்டும் வரவில்லை. மாற்று பிளேட் வீட்டில் இருக்கிறது, அடுத்த தடவை கொண்டுவருகிறேன் என்று தங்கச்சியிடம் சொன்னேன். "அண்ணே, அத மாத்துனா அம்மா இன்னொண்ணு வைப்பாங்க" என்றாள்.